திருகோணமலையில் பூசை வாசகராகச் சேர்வது எப்படி: ஏழு மாதம் அலைந்தவளின் குறிப்புகள்

மன்னாரில் பதினைந்து வயதிலிருந்து கத்தோலிக்கக் கோவிலில், பூசையில் (திருப்பலியில்) திருவிவிலிய வாசகம் வாசித்தவள் நான். கலியாணம் முடித்து திருகோணமலைக்கு வந்த பிறகு, "நான் வாசிப்பேன் சுவாமி" என்று பங்குக் குருவிடம் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த ஞாயிறே மைக்குக்கு முன்னால் நிற்கலாம் என்றுதான் நினைத்தேன். ஏழு மாதம் எடுத்தது. அதில் ஐந்து மாதம் என்னுடைய பிழையால் போனது: தேவையில்லாத கடிதங்களுக்கு அலைந்தேன், தேவையானதைப் பிழையான இடத்தில் தேடினேன், சந்திக்க வேண்டியவரைக் கடைசியாகச் சந்தித்தேன். இடமாற்றத்தில் வந்தவர்கள், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள், இத்தனை நாள் பின்வாங்கில் இருந்துவிட்டு இப்போது முன்னுக்கு வர நினைப்பவர்கள் எல்லாருக்கும் இது உதவும்.

1. எந்த வாசகர் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

வாசகர் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர், ஆயர் (பிஷப்) சடங்கு நடத்தி நிலையாக ஏற்படுத்தும் வாசகர். குருமாணவர்கள் குருத்துவத்துக்குப் போகும் வழியில் இதைப் பெறுவார்கள். 2021 சனவரியிலிருந்து பெண்களும் இதைப் பெறலாம். இதற்கு எழுத்தில் விண்ணப்பம், வயது, பயிற்சி எல்லாம் வேண்டும். ஒவ்வொரு நாட்டு ஆயர் பேரவையும் அதற்கு ஒழுங்கு வைக்கும்.

மற்றவர், பங்கின் (ஒரு கோவிலைச் சேர்ந்த சமூகத்தின்) அட்டவணையில் பெயர் வந்து, அந்த நாளில் எழுந்து போய் வாசிக்கும் பொதுநிலையினர், அதாவது குருவல்லாத சாதாரண விசுவாசி. நம்மில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் தேடுவது இதைத்தான். இதற்கு ஆயர் இல்லம் வரைக்கும் போகத் தேவையில்லை, பங்குத்தந்தை சம்மதித்தால் போதும். திருச்சபைச் சட்டம் 230 இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்கிறது. நான் இது தெரியாமல் ஆயருக்கு முகவரியிட்டு இரண்டு பக்கக் கடிதம் எழுதிக்கொண்டு போனேன். அலுவலகத்தில் இருந்தவர் அதை வாசித்துப் பார்த்து மடித்து என்னிடமே தந்துவிட்டார்.

2. அட்டவணை போடுபவரைத் தேடிப் பிடியுங்கள்

பேராலயமாக இருந்தாலும் சின்னக் கோவிலாக இருந்தாலும் "இந்த ஞாயிறு யார் வாசிக்கிறது" என்பதை முடிவு செய்யும் ஆள் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அது பங்குத்தந்தை இல்லை. ஒரு சிஸ்டராக இருக்கலாம், மறைக்கல்வி ஆசிரியராக, வழிபாட்டுக் குழுவின் பொறுப்பாளராக, அல்லது முப்பது வருடமாக இதையே செய்துவரும் ஒரு அன்ரியாக இருக்கலாம். சில பங்குகளில் ஒவ்வொரு ஞாயிறையும் ஒவ்வொரு அன்பியம் (அயல் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) பொறுப்பெடுக்கும். அங்கே உங்கள் அன்பியத் தலைவரைப் பிடித்தால்தான் கதவு திறக்கும்.

கண்டுபிடிப்பது லேசு. பூசைக்கு இருபது நிமிடம் முந்திப் போய் நில்லுங்கள். வாசகப் புத்தகத்தைத் திறந்து நாடாவை இழுத்து வைப்பவர் யார், பதற்றத்தோடு வாசலை வாசலைப் பார்ப்பவர் யார் என்று கவனியுங்கள். வரவேண்டிய வாசகர் இன்னும் வரவில்லை என்று பார்க்கிறார். அவர்தான் ஆள்.

எங்கள் பங்கில் அது ஒரு அன்ரி. பைல் நிறையக் கடிதங்களோடு போய் நின்றேன். அவர் பைலைத் திறக்கவே இல்லை. "பிள்ளை, பேப்பர் இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை காலமைப் பூசைக்கு வருவீங்களோ?" என்றார். நாலு மாதத்துக்கு முன்னமே இந்த மனிசியிடம் வந்திருக்கலாம்.

எந்த மொழிப் பூசை என்பதையும் அவரிடமே கேளுங்கள். இங்கே தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வழிபடும் கத்தோலிக்கர் இருக்கிறார்கள். பெருவிழா நாட்களில் ஒரே பூசையில் முதல் வாசகம் ஒரு மொழியிலும் இரண்டாம் வாசகம் இன்னொன்றிலும் வருவதுண்டு. இரண்டு மொழி சரளமாக வாசிப்பீர்கள் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், உங்கள் பெயர் மேலே ஏறும்.

3. பத்திரங்கள்: எது வேண்டும், எது வேண்டாம்

அட்டவணை வாசகருக்கு இன்னின்ன பத்திரம் என்று உலகம் முழுவதற்குமான பட்டியல் எதுவும் கிடையாது. ஆனால் உங்களைத் தெரியாத ஒரு பங்குத்தந்தை, நீங்கள் கத்தோலிக்கரா, உறுதிப்பூசுதல் (திருமுழுக்கை உறுதிப்படுத்தும் திருவருட்சாதனம்) பெற்றவரா என்று அறிய விரும்புவது நியாயம்தானே. அதற்கு இவை போதும்:

- திருமுழுக்குச் சான்றிதழ், புதிதாக எடுத்தது
- முன்பிருந்த பங்கிலிருந்து ஒரு சிறு அறிமுகக் கடிதம்
- கலியாணம் முடித்தவர் என்றால் கோவில் விவாகச் சான்றிதழின் போட்டோக்கொப்பி (கேட்டால் மட்டும்)

"புதிதாக எடுத்தது" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உறுதிப்பூசுதல் பெற்றதும் கோவிலில் கலியாணம் முடித்ததும் திருமுழுக்குப் பெற்ற கோவிலின் பதிவேட்டில், உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஓரக்குறிப்பாக ஏற்றப்பட வேண்டும் என்பது சட்டம். ஆகவே அந்தக் கோவிலில் இப்போது எடுக்கும் சான்றிதழில் எல்லாமே இருக்கும். குழந்தையில் அம்மா எடுத்து அலுமாரியில் வைத்த பழைய தாளில் திருமுழுக்கு மட்டும்தான் இருக்கும்.

எனக்கு இது தெரியாது. திருமுழுக்கு மன்னாரில், உறுதிப்பூசுதல் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வவுனியாவில். உறுதிப்பூசுதல் சான்றிதழுக்காக வவுனியாவுக்கு பஸ் ஏறிப் போனேன். போன அன்று அலுவலகம் பூட்டு. இரண்டாம் முறை போனபோது பதிவேட்டில் தேட ஆண்டு கேட்டார்கள், நான் சொன்ன ஆண்டு பிழை. கடைசியில் மன்னாருக்கு ஒரு போன் எடுத்தேன். அங்கிருந்த சுவாமி பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "உறுதிப்பூசுதல் குறிப்பும் இதிலேயே இருக்கு மகள், தபாலில் அனுப்புறன்" என்றார். மூன்று கிழமையில் வந்து சேர்ந்தது.

ஓரக்குறிப்பு ஏறாமல் விடுபட்டிருக்கவும் கூடும். அப்போதுதான் உறுதிப்பூசுதல் பெற்ற இடத்தில் தேட வேண்டும். போகுமுன் ஆண்டு, மாதம், எந்த ஆயர், ஞானப்பெற்றார் யார் என்று வீட்டில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய படம் ஒன்று இருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். எனக்கு ஆண்டு கிடைத்ததே அங்கேதான்.

யுத்தத்தில் பதிவேடே போய்விட்டது என்றால்? பயப்படவேண்டாம். யாருடைய உரிமைக்கும் பாதகமில்லாத இடத்தில், நம்பத்தகுந்த ஒரே ஒரு சாட்சி போதும் என்று சட்டம் 876 சொல்கிறது. வளர்ந்த பிறகு திருமுழுக்குப் பெற்றவர் என்றால் அவருடைய சத்தியமே போதும். உறுதிப்பூசுதலுக்கும் இதே ஒழுங்குதான். ஞானத்தாய் உயிரோடு இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு பங்குத்தந்தையிடம் போங்கள், மிச்சத்தை அவர் எழுதிக்கொள்வார்.

தேவையில்லாதவை: பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், சாதாரணதரப் பெறுபேறு. பிறப்புச் சான்றிதழை நீட்டிவிட்டு "இதுவும் அதுவும் ஒன்றுதானே" என்று வாதாடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று அரசாங்கத்தின் பதிவு, மற்றது கோவிலின் பதிவு. நான் அதற்கும் மேலே போய் ஜீ.எஸ்.சிடம் (கிராம அலுவலரிடம்) வதிவிடக் கடிதம் எடுத்தவள். "சுவாமிக்கு எதுக்குப் பிள்ளை இது?" என்று கேட்டுக்கொண்டே சீல் குத்தினார்.

4. செலவும் காலமும்

வாசகராகச் சேரக் கட்டணம் இல்லை. சான்றிதழுக்குச் சில கோவில்களில் ஒரு சிறு தொகை வாங்குவார்கள், சிலவற்றில் விரும்பிய காணிக்கை. நான் 500 ரூபாய் அனுப்பினேன். திருவிவிலியம் கையில் இல்லை என்றால் அதற்கு ஒரு செலவு. என் செலவில் பாதிக்கு மேல் வவுனியாவுக்கு வீணாகப் போய்வந்த பஸ் காசு. அதை நீங்கள் மிச்சம் பிடிக்கலாம்.

காலம் விஷயத்தில் ஒரு பொறி உண்டு. நான் முதன்முதல் பங்கு அலுவலகத்துக்குப் போனது தவக்காலத்தின் (உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நாற்பது நாளின்) நாலாம் கிழமை. சிலுவைப்பாதை, பாவசங்கீர்த்தனம், குருத்தோலை என்று ஓடிக்கொண்டிருக்கும் சுவாமியிடம் என் பைல் மேசையின் அடியில் போய்விட்டது. தவக்காலத்தின் கடைசிப் பாதி, கிறிஸ்மசுக்கு முந்திய கிழமைகள், கொடியேறின பிறகு வரும் திருவிழா நாட்கள் ஆகியவற்றில் பத்திரத்தோடு போகவேண்டாம்.

நல்ல காலம் திருவருகைக்காலத்துக்கு (கிறிஸ்மசுக்கு ஆயத்தமாகும் காலத்துக்கு) ஒரு மாதம் முன்பு. வழிபாட்டு ஆண்டு அங்கேதான் தொடங்குகிறது, பல இடங்களில் அட்டவணையும் அப்போதுதான் புதிதாகப் போடுவார்கள்.

இன்னொரு குறுக்கு வழியும் இருக்கிறது. பாஸ்காத் திருவிழிப்புக்கு (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவுப் பூசைக்கு) பழைய ஏற்பாட்டு வாசகங்கள் மட்டும் ஏழு. சுருக்கினாலும் மூன்றுக்குக் குறையக் கூடாது, செங்கடல் கடக்கும் வாசகத்தை விடவே முடியாது. பெரிய வெள்ளியன்று யோவான் எழுதிய இயேசுவின் பாடுகளைப் பலர் பிரித்து வாசிக்கலாம். இவற்றுக்கு ஆள் தட்டுப்படும். "ஆள் தேவையென்றால் நான் இருக்கிறேன்" என்று தவக்காலத் தொடக்கத்திலேயே அட்டவணைக்காரரின் காதில் போட்டு வையுங்கள்.

5. வார நாளில் தொடங்குங்கள்

ஞாயிறு பூசையில் இரண்டு வாசகம், நடுவில் பதிலுரைப் பாடல் (சனங்கள் பல்லவி சொல்லும் திருப்பாடல்). சாதாரண வார நாளில் ஒரு வாசகமும் பதிலுரைப் பாடலும்தான். இருபது முப்பது பேர் இருப்பார்கள், எல்லாரும் தெரிந்த முகம், பிழை விட்டாலும் மன்னிக்கிற வயதுக்காரர். ஆறு கிழமை செவ்வாய்தோறும் வாசித்தேன். அதன் பிறகு எனக்கு ஞாயிறு தந்தார்கள்.

நற்செய்தி உங்களுடையது இல்லை. பூசையில் அதைத் திருத்தொண்டரோ (குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர்) குருவோதான் வாசிப்பார். குரு வரமுடியாத ஞாயிறில் பொதுநிலையினர் நடத்தும் இறைவார்த்தை வழிபாட்டில் நீங்கள் நற்செய்தி வாசிக்க நேரலாம். அங்கும் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்ற வாழ்த்தைச் சொல்லக்கூடாது.

6. எந்தப் பக்கம்?

புதியவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் வரும். முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு என்று புத்தகத்தில் இருக்கும். பொதுக்கால வார நாட்களின் முதல் வாசகத்துக்கு இரண்டு ஆண்டுச் சுற்று. அதற்கும் பெயர் முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு! இரண்டையும் குழப்பி, பிழையான பக்கத்தை வீட்டில் மூன்று நாள் பழகிக்கொண்டு வந்தவள் உங்கள் முன் இருக்கிறேன்.

கணக்கு சுலபம். ஆண்டை மூன்றால் வகுங்கள். மீதி இல்லாவிட்டால் ஞாயிறுக்கு மூன்றாம் ஆண்டு. மீதி ஒன்று என்றால் முதல் ஆண்டு, இரண்டு என்றால் இரண்டாம் ஆண்டு. 2025 மீதியில்லாமல் போகும், மூன்றாம் ஆண்டு. 2026இல் மீதி ஒன்று, முதல் ஆண்டு. வார நாட்களுக்கு ஒற்றை ஆண்டு என்றால் முதல் ஆண்டு, இரட்டை என்றால் இரண்டாம் ஆண்டு. ஆகவே 2026இல் ஞாயிறு முதல் ஆண்டு, வார நாள் இரண்டாம் ஆண்டு. திருவருகைக்காலம் தொடங்கியதும் அடுத்த ஆண்டின் கணக்குக்கு மாறிவிட வேண்டும், சனவரி வரும்வரை பார்த்திருக்கக் கூடாது.

சனி மாலைப் பூசைக்கு ஞாயிறு வாசகம். கிறிஸ்மசுக்கு முந்தின மாலை, நள்ளிரவு, விடியல், பகல் என்று நாலு பூசைக்கும் வேறு வேறு வாசகங்கள். உங்கள் பெயர் எதற்கு வந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பழகுங்கள்.

7. பழகுவது

சரளமாகத் தமிழ் வாசிக்கிறவருக்குத்தான் இங்கே ஆபத்து அதிகம். நானும் அந்தச் சாதி. பார்த்தவுடன் வாசித்துவிடலாம் என்ற எண்ணம் இரண்டாம் வாசகத்தில் கவிழ்த்துவிடும். பவுலின் வசனம் ஒன்று நாலு வரி ஓடும், வினைச்சொல் கடைசியில் ஒளிந்திருக்கும். எங்கே மூச்சு விடுவது என்று முன்னமே தெரியாவிட்டால் நடுவில் மூச்சு முட்டி, கேட்கிறவர்களுக்கு யார் யாருக்கு என்ன சொன்னார் என்றே விளங்காது.

நான் செய்வது இது. வியாழக்கிழமையே வாசகத்தை ஒரு கொப்பியில் கையால் எழுதுவேன். மூச்சு விடும் இடத்தில் ஒரு கோடு. நிறுத்தும் இடத்தில் இரண்டு கோடு. அழுத்த வேண்டிய சொல்லுக்குக் கீழே கோடு, ஒரு வசனத்துக்கு ஒன்றுக்கு மேல் இல்லை. பிறகு சத்தமாக ஐந்து தரம். வெள்ளி பின்னேரம் டச் பே கடற்கரையில் நடக்கும்போது அலைச் சத்தத்துக்கு மேலே ஒரு தரம். கத்தாமல் அலையைத் தாண்டிக் கேட்கிற குரல்தான் மைக் பழுதான அன்று கைகொடுக்கும். ஒருநாள் அங்கே நின்ற மான் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மேயப் போனது. இதைவிடக் கடுமையான சபை கோவிலில் கிடைக்காது.

ல, ள, ழ மூன்றிலும் கவனம். "பலி" என்பதைப் "பழி" என்று வாசித்தால் வேத வசனம் தலைகீழாகும். பாஸ்காத் திருவிழிப்பின் முதல் வாசகம் படைப்பு வரலாறு. ஒத்திகையில் "ஒளி தோன்றுக" என்பதை நான் "ஒலி தோன்றுக" என்று வாசிக்க, அந்த நொடியே மைக் கீச்சென்று கத்தியது. பாட்டுக் குழுப் பிள்ளைகள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அப்புறம் பெயர்கள். தூய ஆவியின் பெருவிழாவுக்கு (பெந்தகோஸ்துக்கு) ஒவ்வொரு ஆண்டும் திருத்தூதர் பணிகள் இரண்டாம் அதிகாரம் வரும்: மெசப்பொத்தாமியா, கப்பதோக்கியா, பிரிகியா, பம்பிலியா என்று வரிசையாக. புதியவர் தலையில் இதைக் கட்டிவிடும் வழக்கம் உண்டு! அசை பிரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிழையாக வாசித்தாலும் நம்பிக்கையோடு வாசியுங்கள். திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டு நின்றால்தான் எல்லாரும் கவனிப்பார்கள். பழைய பெரியவர்கள் சிலர் யோவானை அருளப்பர் என்றும் பவுலைச் சின்னப்பர் என்றும் சொல்லிப் பழகியவர்கள். வீட்டில் எப்படியும் சொல்லுங்கள், மேடையில் புத்தகத்தில் இருப்பதுதான்.

8. மேடையில்

நற்கருணை வாங்க ஒரு மணி நேரம் முன்னமே சாப்பாட்டை நிறுத்தியிருப்பீர்கள். தண்ணீர் குடிக்கத் தடையில்லை, தொண்டை காயாமல் ஒரு மிடறு குடித்துவிட்டு வாருங்கள். பூசை தொடங்குமுன் புத்தகத்தைத் திறந்து உங்கள் பக்கத்தைக் கண்ணால் பாருங்கள். எனக்கு ஒருநாள் மின்விசிறிக் காற்றில் தாள் புரண்டு, நிமிர்ந்து பார்த்துக் குனிந்தபோது அடுத்த கிழமை வாசகம் முன்னால் கிடந்தது. அன்றிலிருந்து இடது கை தாளின் ஓரத்தில்தான்.

போகும்போது பீடத்துக்குத் தலைவணங்கிவிட்டுப் போங்கள். மைக்கைத் தட்டவோ ஊதவோ வேண்டாம், ஒரு சாண் தூரம் போதும். "முதல் வாசகம்" என்ற தலைப்பும் அதன் கீழே இருக்கும் கருத்து வரியும் சிவப்பு எழுத்துக் குறிப்புகளும் வாசிப்பதற்கில்லை. "இறைவாக்கினர் எசாயா நூலிலிருந்து வாசகம்" என்ற வரியில் தொடங்குங்கள். முடிந்ததும் மனதுக்குள் மூன்று வரை எண்ணி, பிறகு "ஆண்டவரின் அருள்வாக்கு". இந்த இடைவெளியை விடாமல் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வதுதான் எங்கும் காணும் பிழை.

பதிலுரைப் பாடல் பாடப்படுவது. பாட்டுக் குழு வராத நாளில் நீங்கள் வாசிப்பீர்கள். அப்போது "பல்லவி" என்ற சொல்லை ஒவ்வொரு தரமும் உரத்து வாசிக்காதீர்கள். சனங்களைப் பார்த்துத் தலையை நிமிர்த்தினால் அவர்களே சொல்வார்கள். கைப்பேசியில் பார்த்து வாசிப்பதும் வேண்டாம். வீட்டில் பழக அது நல்லது, மேடையில் புத்தகம்தான்.

உடுப்பு, செருப்பு, முக்காடு எல்லாம் பங்குக்குப் பங்கு மாறும். மற்ற வாசகர்களைப் பார்த்துச் செய்யுங்கள்.

9. முன்னுரையும் மன்றாட்டும்

புதியவருக்கு முதலில் கையில் தருவது பெரும்பாலும் இவைதான். முன்னுரை வாசகமேடையில் நின்று சொல்வதற்கானது இல்லை, பக்கத்தில் இன்னொரு மைக்கில். ஆறு வரிக்கு மேல் எழுதாதீர்கள். பிரசங்கம் சுவாமியின் வேலை. மன்றாட்டுக்கு ஒரு வரிசை உண்டு: திருச்சபை, நாடும் ஆட்சியாளரும், துன்பப்படுவோர், நம் பங்கு. கடலுக்குப் போனவர்களை நாலாவதில் சேர்க்க மறக்கவேண்டாம். பின்வாங்கில் அவர்களுடைய வீட்டார் இருப்பார்கள்.

10. கலியாணமும் செத்தவீடும்

"என் மச்சாள் மெதடிஸ்ட், அவள் வாசிக்கட்டும்" என்ற கதை இங்கே அடிக்கடி வரும். பூசையோடு நடக்கும் கலியாணத்தில், அடக்கத் திருப்பலியில், வாசகம் கத்தோலிக்கருடைய பணி. வேறு சபையார் வாசிப்பதற்கு, விதிவிலக்காக, நியாயமான காரணம் இருந்தால், அனுமதி தரவேண்டியவர் மறைமாவட்ட ஆயர். ஆகவே அழைப்பிதழ் அடிக்கும் காலத்திலேயே பங்குத்தந்தையிடம் கேளுங்கள். பூசை அன்று காலையில் மணப்பெண்ணை அனுப்பிக் கெஞ்ச வைக்கவேண்டாம்.

11. வரமுடியாத நாள்

அட்டவணை வந்தவுடன் உங்கள் திகதிகளை வீட்டு கலண்டரில் வட்டமிடுங்கள். வரமுடியாவிட்டால், சொல்லிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது, மாற்று ஆளையும் நீங்களே பிடித்துக் கொடுக்க வேண்டும். அதற்காக இரண்டு பேருடைய போன் இலக்கம் கையில் இருக்கட்டும், ஒருவர் காலைப் பூசைக்கு வருபவர், மற்றவர் மாலைக்கு. நான் ஒரு தரம் காய்ச்சலோடு படுத்துவிட்டு அன்ரிக்கு ஒரு குரல்பதிவு மட்டும் அனுப்பினேன். அவர் அதைக் கேட்டது பூசை முடிந்த பிறகு. எனக்குப் பதிலாக அன்று ஓடிப்போய் வாசித்தது, கிதார் வாசிக்கிற தம்பி. கழுத்தில் கிதாரோடு.